மஞ்சள் கம்பமும் பிளாட்டினக் கம்பியும்

போன மாதம் வாளையார்ப் பக்கம் இருக்கும் மாமாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். மழை, நெல், பேத்தியின் பள்ளிக்கூடம் எல்லாம் முடிந்து பேச்சு கேஸ் குழாய்க்கு வந்தது.

“ஏங்கண்ணு, நம்ம தோட்டத்துக்கு அந்தாண்டதானே கேஸ் கொழாய் போகுது? அங்க மஞ்சக் கம்பம் ஒண்ணு நட்டு வெச்சிருக்கறாங்க. கேஸ் கசிஞ்சா அது சங்கு ஊதுமாமா?”

“இல்லீங்க மாமா. அது வெறும் அடையாளக் கம்பமுங்க. கீழ கொழாய் போகுது, தோண்டாதீங்கன்னு சொல்றதுக்கு நட்டது.”

“அட! அது கத்தும்னு நம்பித்தானே இங்க பாதிப் பேரு தூங்கறோம்!”

மாமா சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அவர் ஊரில் மட்டும் இல்லை, குழாய் போகிற எல்லா ஊரிலும் இப்படி ஒரு நம்பிக்கை இருக்கும் என்று தோன்றியது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காப்பி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் குழாயைப் பற்றி நாலு வரி. கொச்சியிலிருந்து மங்களூருக்கு கெயில் நிறுவனம் போட்ட 450 கிலோமீட்டர் இயற்கை எரிவாயுக் குழாயை 2021 ஜனவரி 5-ல் பிரதமர் திறந்துவைத்தார். அதில் பாலக்காடு மாவட்டம் கூற்றநாட்டில் ஒரு கிளை பிரிந்து வாளையார் நோக்கி வருகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் கோவையில் ஆரம்பித்து கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகள் 2013-ல் நடத்திய போராட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016-ல் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. நிலம், இழப்பீடு, பயம் மூன்றும் கலந்த போராட்டம் அது. பயத்துக்குக் காரணமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2014 ஜூன் 27 விடியற்காலை ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற கிராமத்தில் (ஊர்ப் பெயரே அதுதான்) கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

மண்ணுக்குள் போகும் குழாய் நெடுக கசிவு காட்டும் கருவி வைப்பதில்லை. அங்கே குழாயின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும்தான் தூரத்திலிருந்து கணினியில் கண்காணிக்கிறார்கள். கருவி இருப்பது வால்வு நிலையங்களில், மீட்டர் அறைகளில், சிலிண்டர் நிரப்பும் ஆலைகளில், எண்ணெய்க் கிடங்குகளில். குழந்தை கை முஷ்டி அளவுக்கு ஒரு உலோகப் பெட்டி, கீழ்நோக்கித் தொங்கும் ஒரு மூக்கு. கேஸ் டிடெக்டர் என்பார்கள். இது ஓர் இடத்தில் நிலையாகப் பொருத்துவது. கையில் எடுத்துக்கொண்டு போகிற ரகம் வேறு.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் பி.காம்., பஹ்ரைனில் வங்கி உத்தியோகம். தொழிற்சாலைக் கடன் கோப்புகளில் இந்தப் பெயர் அடிக்கடி வரும். ஒரு கோப்பில் இரண்டு விலைப்பட்டியல் இருந்தன. ஒரே எண்ணிக்கை டிடெக்டர், ஆனால் விலையில் மடங்குக் கணக்கில் வித்தியாசம். வாடிக்கையாளரின் இஞ்சினியரிடம் ஏன் என்று கேட்டேன். “சார், அது மணியை வைத்து எரித்துப் பார்க்கும், இது வெளிச்சத்தை வைத்துப் பார்க்கும்” என்றார். எரியக்கூடிய வாயு இருக்கும் இடத்தில் எரித்துப் பார்ப்பதா? அன்றைக்குப் பிடித்த பைத்தியம், பழைய புத்தகங்களைத் தேடிப்போய் இருநூறு வருஷம் பின்னால் இங்கிலாந்து நிலக்கரிச் சுரங்கத்தில் கொண்டுபோய் விட்டது.

சுரங்கத்தில் நிலக்கரியை வெட்டினால் அதன் இடுக்கில் அடைபட்டிருக்கும் மீத்தேன் வெளியே வரும். நிறமில்லை, மணமில்லை. காற்றில் 5 சதவீதம் சேர்ந்தால் போதும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். 15 சதவீதத்துக்கு மேல் போனால் எரிவதற்கு ஆக்சிஜன் போதாமல் வெடிக்காது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருப்பதுதான் எமலோகம். மின்சாரம் இல்லாத காலம் அது, வெளிச்சத்துக்கு மெழுகுவத்திதான். அதாவது வெடிமருந்துக் கிடங்கில் தீப்பந்தம். சில சுரங்கங்களில் காலையில் முதல் வேலையாக ஓர் ஆள் நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு, நீளக் கழியின் நுனியில் எரியும் மெழுகுவத்தியைக் கட்டி, தவழ்ந்துகொண்டே உள்ளே போவானாம். இரவெல்லாம் கூரையடியில் சேர்ந்த வாயுவைக் கொளுத்திவிட்டுத் தரையோடு படுத்துக்கொள்வான். அவனுக்கு ‘பாவமன்னிப்பு கேட்பவன்’ என்று பெயர், துறவி மாதிரி போர்த்திக்கொண்டு போவதால். உலகத்தின் முதல் கேஸ் டிடெக்டர் அந்த மனுஷன்தான்.

(இங்கே ஒரு திருத்தம். சுரங்கத்துக்குக் கூண்டில் கொண்டுபோன கேனரிக் குருவியை எல்லோரும் வெடிவாயுவோடு சேர்த்துச் சொல்வார்கள். குருவி கண்டுபிடித்தது கார்பன் மோனாக்சைடை, அந்த விஷவாயுவை. வெடிப்புக்குப் பிறகு மீட்கப் போகிறவர்களுக்குத்தான் அது அதிகம் உதவியது. பிரிட்டனில் 1986 வரை குருவிகள் வேலையில் இருந்தன.)

1812 மே 25. வட இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கம் வெடித்தது. 92 பேர் பலி, அதில் பாதிக்கு மேல் இப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுப் பையன்கள் இருந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்குச் சிறுவர்கள் நிறைய. அந்த ஊர்ப் பாதிரியார் ஜான் ஹாட்ஜ்சன், முதலாளிகளின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் இறந்தவர்களின் விவரங்களோடு விபத்தைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதன் பிறகுதான் இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு சங்கம் அமைந்தது, சங்கம் லண்டன் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியைத் தேடிப்போனது. 1815-ன் கடைசி சில மாதங்களில் டேவி விடை கண்டுபிடித்தார். விளக்கின் சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பி வலையைப் போட்டுவிட்டால், வாயு உள்ளே வந்து எரியும், ஆனால் தீ வெளியே தாண்டாது. வலையின் உலோகம் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால் வெளியே இருக்கும் வாயு பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடாவதில்லை.

அதே சமயம் ஜார்ஜ் ஸ்டீவன்சனும் (பின்னாளில் ரயில் புகழ்) தன் சொந்த அறிவில் ஒரு விளக்கு செய்திருந்தார். படித்த விஞ்ஞானிக்கும் எழுதப் படிக்கவே தாமதமாகக் கற்றுக்கொண்ட சுரங்கத் தொழிலாளிக்கும் யார் முதலில் என்று நடந்த சண்டை பெரிய கதை, அதை இன்னொரு நாள் பார்ப்போம். டேவி தன் விளக்குக்குக் காப்புரிமை வாங்க மறுத்துவிட்டார் என்பதை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

டேவி விளக்கு வெளிச்சம் மட்டும் தரவில்லை. திரியைத் தாழ்த்திவிட்டுப் பார்த்தால், வாயு இருக்கும் இடத்தில் சுடரின் தலைமேல் வெளிர்நீலத்தில் ஒரு தொப்பி தெரியும். தொப்பி உயர உயர வாயு அதிகம். அனுபவசாலிகள் அதைப் பார்த்தே எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடுவார்கள். நம் நாட்டிலும் சுரங்க அதிகாரிகளுக்கு வாயுச் சோதனைச் சான்றிதழ் என்று தனியாக ஒன்று உண்டு, விளக்கை வைத்துச் சுடர் பார்ப்பது அதில் நெடுங்காலமாக ஒரு பாடம். நம்மிடம் சுரங்க வெடிப்பு நடக்காமல் இல்லை. 1965 மே 28-ல் தன்பாத் பக்கம் தோரி சுரங்கத்தில் 268 பேர் போனார்கள்.

விளக்கு வந்த பிறகு சாவு குறைந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? 1835-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு கணக்குப் பார்த்தது. டர்ஹாம், நார்தம்பர்லேண்ட் பகுதிகளில் விளக்கு வருவதற்கு முந்தைய 18 வருஷத்தில் 447 பேர் இறந்திருந்தார்கள். வந்த பிந்தைய 18 வருஷத்தில் 538 பேர். காரணம் விளக்கு இல்லை, விளக்கைக் காட்டி முதலாளிகள் செய்த வேலை. வாயு அதிகம் என்று கைவிட்ட பள்ளங்களை எல்லாம் மறுபடி திறந்து ஆட்களை இறக்கினார்கள். காற்றோட்டத்துக்குச் செலவு பண்ணுவதைவிட விளக்கு மலிவு. வங்கியில் இருப்பவனுக்கு இது பரிச்சயமான கணக்கு. இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் கூடுதலாக ரிஸ்க் எடுக்கும் வியாபாரிகளைத் தினமும் பார்க்கிறோம்.

சரி, கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விளக்கு வேலை முடிந்த பிறகும் டேவி சும்மா இருக்கவில்லை. 1817-ல் ஒரு சோதனை. நிலக்கரி வாயுவும் காற்றும் கலந்த பாத்திரத்துக்குள், சூடாக்கிய மெல்லிய பிளாட்டினக் கம்பியை நீட்டினார். சுடர் இல்லை. ஆனால் கம்பி தானாகவே செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது, வாயு தீரும்வரை அணையவில்லை. பல்லேடியத்திலும் அப்படியே. செம்பு, வெள்ளி, இரும்பு, தங்கம் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுப் பார்த்தார், எதுவும் ஒளிரவில்லை. வாயு அந்தக் கம்பியின் மேற்பரப்பில் தீச்சுடர் இல்லாமலே எரிகிறது, எரிகிற சூடு கம்பியைச் சிவக்க வைக்கிறது, கம்பி மட்டும் செலவாகாமல் அப்படியே இருக்கிறது. இந்த வித்தைக்கு ‘வினையூக்கம்’ என்று பொருள்படும் பெயரை பெர்சீலியஸ் வைத்ததே 1835-ல்தான்.

டேவிக்கு அதில் உடனே ஒரு பயன் தெரிந்தது. விளக்குக்குள் சுடருக்கு மேலே ஒரு பிளாட்டினச் சுருளைத் தொங்கவிடுங்கள் என்றார். வாயு மிகுந்து விளக்கு அணைந்துபோனாலும் கம்பி மினுக்கிக்கொண்டிருக்கும், அந்த வெளிச்சத்தில் ஆள் தடவித் தடவி வெளியே வந்துவிடலாம். யோசனை நல்ல யோசனைதான், ஆனால் அது பெரிதாகப் பரவவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கம்பி தூங்கியது.

எழுப்பியது பெட்ரோல். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எண்ணெய்க் கப்பல்களின் காலித் தொட்டிகள் வெடித்துக்கொண்டே இருந்தன. தொட்டியில் எண்ணெய் நிறைந்திருக்கும்போது அவ்வளவு ஆபத்தில்லை, காலியாகி ஆவி காற்றோடு கலந்து நிற்கும்போதுதான் ஆபத்து. சுத்தம் பண்ண இறங்குகிறவன் எப்படித் தெரிந்துகொள்வான்? கலிஃபோர்னியா ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியில் வேலை பார்த்த ஆலிவர் ஜான்சன் 1926-27-ல் டேவியின் பிளாட்டினக் கம்பியை எடுத்து மின்சாரத்தில் சூடேற்றி, எரியும் வாயு பட்டால் அதன் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று மீட்டர் முள்ளில் காட்டும் பெட்டியைச் செய்தார். 1928-ல் கூட்டாளி வில்லியம்ஸோடு பாலோ ஆல்டோவில் கடை திறந்தார். இன்றைக்கு நம் பிள்ளைகள் எல்லாம் போய்க் குவிகிற சிலிகான் வேலியின் முதல் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி அதுதான் என்று சொல்பவர்கள் உண்டு.

பஹ்ரைன்வாசியான எனக்கு இதில் ஒரு குட்டிச் சந்தோஷம். இங்கே 1929-ல் பாப்கோ கம்பெனியை ஆரம்பித்ததும் அதே கலிஃபோர்னியா ஸ்டாண்டர்ட் ஆயில்தான். 1932-ல் ஜெபல் துகானில் எண்ணெய் பீறிட்டது, வளைகுடாவின் அரபுக் கரையில் அதுதான் முதல் எண்ணெய். அந்த எண்ணெய் வரவில்லை என்றால் நானும் இங்கே இல்லை, இதைப் படிக்கிற நீங்கள் பாதிப் பேரும் இங்கே இல்லை :-)

இப்போது பெட்டிக்குள் நடப்பது. பயப்படாதீர்கள், இதைக் கணக்குப்பிள்ளை மொழியில் சொல்லிவிடலாம். பிளாட்டினம் சூடானால் அதன் மின்தடை கூடும். எவ்வளவு கூடியது என்று அளந்தால் எவ்வளவு சூடு என்று தெரியும், சூட்டை வைத்து எவ்வளவு வாயு எரிந்தது என்று தெரியும். ஆனால் சித்திரை வெயிலிலும் கம்பி சூடாகுமே? மின்சாரம் ஏறி இறங்கினாலும் சூடு மாறுமே? அதனால் கம்பியை ஒன்றாக வைக்காமல் இரண்டாக வைக்கிறார்கள். ஒன்றில் வினையூக்கி பூசியிருக்கும், வாயுவை எரிக்கும். இன்னொன்று அதே அளவு, அதே சூடு, ஆனால் வாயுவை எரிக்காத ஊமை. வெயிலும் மின்சாரமும் இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்கும். வாயு ஒன்றை மட்டும்தான் பாதிக்கும். இரண்டையும் ஒரு மின்சுற்றில் எதிரெதிரே வைத்து, வித்தியாசத்தை மட்டும் படிப்பார்கள். நம் கேஷ் புத்தகத்தையும் பாஸ் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ரீகன்சிலியேஷன் போடுகிற அதே வேலை. இந்தச் சுற்றுக்கு வீட்ஸ்டன் பெயர் நிலைத்துவிட்டது. 1833-ல் முதலில் யோசித்தவர் கிறிஸ்டி என்பவர், வீட்ஸ்டன் பத்து வருஷம் கழித்து அதைப் பிரபலமாக்கினார். பெயர் யாருக்குப் போகும் என்பது எங்கேயும் இப்படித்தான்.

ஜான்சன் பெட்டியில் ஒரு குறை. வெறும் பிளாட்டினக் கம்பி மீத்தேனை எரிக்க வேண்டுமானால் ஆயிரம் டிகிரியை ஒட்டிச் சூடாக இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் பிளாட்டினம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கம்பி மெலியும், மெலிந்தால் அளவு தப்பும். இதற்கு விடை மறுபடி சுரங்கத்திலிருந்தே வந்தது. பிரிட்டனில் ஷெஃபீல்டில் இருந்த சுரங்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் ஆலன் பேக்கர் என்பவர் 1960-ஐ ஒட்டி மெல்லிய பிளாட்டினச் சுருளைக் கடுகளவு அலுமினா மணிக்குள் புதைத்து, மணியின் மேல் பல்லேடியம் வகை வினையூக்கியைப் பூசினார். நுண்ணிய துளைகள் நிறைந்த மணி, வாயு படுவதற்கு எக்கச்சக்க மேற்பரப்பு. ஐந்நூறு டிகிரி போதும். பெல்லிஸ்டர் என்று பெயர். இஞ்சினியர் சொன்ன ‘மணி’ இதுதான். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆலைகளில் தொங்குகிற மூக்குகளில் பெரும்பங்கு இதன் வாரிசுகள்.

எரியும் மணியை வெடிக்கும் வாயுவுக்குள் வைத்தால் அதுவே பற்றவைத்துவிடாதா என்று நான் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்தது. மூக்கின் நுனியில் உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த, துளைகள் உள்ள வில்லை ஒன்று மூடியிருக்கும். வாயு உள்ளே போகும், தீ வெளியே வராது. அப்படியே டேவியின் கம்பி வலைதான்! 1815-ன் வலை வெளியே, 1817-ன் கம்பி உள்ளே. அந்த மனிதரின் இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரே குப்பிக்குள் சேர்ந்து குடியிருக்கின்றன. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

கருவியின் திரையில் தெரியும் சதவீதத்தைப் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். 100 என்று காட்டினால் காற்று முழுக்க வாயு என்று அர்த்தமில்லை. வெடிப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவு வந்துவிட்டது என்று அர்த்தம். மீத்தேனுக்கு அது காற்றில் 5 சதவீதம், புரொப்பேனுக்கு 2.1, பியூட்டேனுக்கு 1.8. நம் அடுப்பு சிலிண்டரில் இருப்பது பின்னால் சொன்ன இரண்டும் கலந்தது, அதாவது இயற்கை எரிவாயுவைவிடச் சீக்கிரமே வெடி எல்லைக்கு வந்துவிடும். வழக்கமாக முதல் எச்சரிக்கை மணியை 20-ல் வைப்பார்கள். மீத்தேன் என்றால் காற்றில் ஒரே ஒரு சதவீதம்.

இனி நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கான விஷயம். டிடெக்டர் தன் அளவைக் கட்டுப்பாட்டு அறைக்கு மின்னோட்டமாக அனுப்புகிறது. வாயு இல்லை என்றால் 4 மில்லி ஆம்பியர், முழு அளவு என்றால் 20. பூஜ்யத்துக்கு ஏன் நாலு? பூஜ்யத்துக்குப் பூஜ்யமே அனுப்பினால், வாயு இல்லையா அல்லது வயரே அறுந்துவிட்டதா என்று தெரியாது. வங்கிக்காரர்களுக்கு இது உடனே புரியும். கிளையிலிருந்து அனுப்ப ஒன்றும் இல்லை என்றாலும் ‘நில் ஸ்டேட்மென்ட்’ அனுப்ப வேண்டும். ஒன்றும் இல்லை என்று எழுதி அனுப்புவது வேறு, ஒன்றும் அனுப்பாமல் இருப்பது வேறு.

அழகான ஏற்பாடுதான். ஆனால் வயர் உயிரோடு இருக்கிறது என்றுதான் அந்த நாலு சொல்லும், மணி உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. பெல்லிஸ்டர் மணிக்கு விஷம் ஏறும். சிலிக்கோன் கலந்த பாலிஷ், பசை, கிரீஸ் பக்கத்தில் பயன்படுத்தினால் அதன் ஆவி வினையூக்கியின் மேல் படிந்து மூடிவிடும். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் ஈயம் அதைக் கொன்றது. கந்தக வாயுக்கள் மயக்கத்தில் ஆழ்த்தும். செத்த மணியால் வாயுவை எரிக்க முடியாது, எரிக்காவிட்டால் சூடு இல்லை, சூடு இல்லை என்றால் வித்தியாசம் இல்லை, உடனே 4 மில்லி ஆம்பியர், திரையில் பூஜ்யம், பச்சை விளக்கு. சுத்தமான காற்றில் நல்ல மூக்கு காட்டுவதும், வாயு சூழ நிற்கும் செத்த மூக்கு காட்டுவதும் ஒரே பூஜ்யம். தினமும் கோப்பைத் திறக்காமலே ‘நில்’ என்று கையெழுத்துப் போடும் மேனேஜர் மாதிரி.

இன்னொரு கொடுமையும் உண்டு. வாயு மிக மிக அதிகமானால் எரிய ஆக்சிஜன் போதாது. முள் மேலே ஏறிப் பிறகு தானே இறங்கி வரும். பார்ப்பவன் கசிவு குறைகிறது என்று நினைப்பான். (நல்ல கருவிகள் ஒரு தடவை உச்சிக்குப் போனால் அங்கேயே பூட்டிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள்.)

மருந்து ஒன்றுதான். ஒரு மனுஷன் குறித்த நாளில் போய், அளவு தெரிந்த வாயுவைச் சிறிய சிலிண்டரிலிருந்து மூக்கில் காட்டி, முள் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் டெஸ்ட் என்பார்கள் (தண்ணீர் பம்ப் இல்லை, லேசாக இடித்துப் பார்ப்பது என்ற அர்த்தத்தில்). சலிப்பான வேலை. செய்தால் ஒன்றும் நடக்காது, செய்யாவிட்டாலும் பல வருஷம் ஒன்றும் நடக்காது. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டு விழுவது இங்கேதான். அதற்குப் பிறகு கடன் கோப்புகளில் டிடெக்டர் விலையை மட்டும் பார்ப்பதை விட்டுவிட்டேன், பராமரிப்பு ஒப்பந்தம் எங்கே என்று கேட்கிறேன். பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள்.

மயக்கும் பூஜ்யம் கேஸ் மூக்குக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. 2005 டிசம்பர் 11 விடியற்காலை, லண்டனுக்கு வடக்கே பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கில் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்த தொட்டியின் அளவுமானி ஓரிடத்தில் சிக்கிக்கொண்டது. திரையில் மட்டம் அசையவில்லை. பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. நிரம்பி வழிந்து, மூடுபனி மாதிரி பரவி, ஆறு மணிக்கு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் உயிர்ச்சேதம் இல்லை, 43 பேருக்குக் காயம்.

ஜெய்ப்பூருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2009 அக்டோபர் 29 மாலை, சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கு. பக்கத்துக் கிடங்குக்குப் பெட்ரோல் அனுப்ப வால்வுகளைத் திறக்கும் வேலையில் பெட்ரோல் பீறிட்டது. அங்கே நின்றவர்கள் ஆவியில் திணறி விழுந்தார்கள், அருகே போய் மூட யாராலும் முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கொட்டியது. ஏழரை மணிவாக்கில் மொத்த மேகமும் வெடித்தது. பதினோரு பேர் பலி என்பது விசாரணைக் கமிட்டிக் கணக்கு, தீ பத்து நாளுக்கு மேல் எரிந்தது. எம்.பி.லால் தலைமையிலான அந்தக் கமிட்டி, பெட்ரோல் தொட்டிகளின் அணைச்சுவருக்குள்ளும் பம்ப் அறைகளிலும் நிலையான டிடெக்டர்கள் வைக்கச் சொன்னது. கசிந்தால் தூரத்திலிருந்தே மூடக்கூடிய வால்வுகளையும் சொன்னது. இரண்டாவதுதான் என் மனதில் முதலாவது. அன்று கசிவது தெரியாமல் இல்லை, மூடக் கை இல்லை. காது மட்டும் இருந்து கை இல்லாவிட்டால் சங்கு ஊதி என்ன? (கை செய்கிற ஆலை நம் ஊரிலேயே உண்டு. கஞ்சிக்கோட்டில் 1974-ல் வந்த பொதுத்துறை இன்ஸ்ட்ருமென்டேஷன் லிமிடெட், கட்டுப்பாட்டு வால்வுகள் செய்த ஆலை. பாலக்காட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலை செய்தவரைத் தெரியும் என்பார்கள்.)

விலைப்பட்டியலில் இருந்த இரண்டாவது ரகம் இப்போது புரியும். ஹைட்ரோகார்பன் வாயுக்கள் அகச்சிவப்பு ஒளியில் 3.4 மைக்ரான் அருகே ஒரு துண்டை விழுங்கிவிடும். நிலக்கரி வாயு வெப்பக் கதிரை விழுங்குவதை 1859-லேயே டிண்டால் காட்டியிருந்தார். ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் கண். நடுவில் வாயு வந்தால் கண்ணுக்கு வரும் ஒளி குறையும். ஆக்சிஜன் வேண்டாம், விஷம் ஏறாது, முக்கியமாக விளக்கு செத்தாலோ கண்ணாடி அழுக்கானாலோ ‘பழுது’ என்று தானே சொல்லும், பூஜ்யம் என்று பொய் சொல்லாது. மடங்கு விலை அந்த நேர்மைக்குத்தான். ஆனால் ஹைட்ரஜனை அதனால் பார்க்கவே முடியாது, அதற்குப் பழைய மணி வேண்டும். அதனால் இரண்டும் பிழைத்திருக்கின்றன.

கடைசியாக வீட்டு சமாசாரம். நம்மவர்கள் ஊருக்குப் போகும்போது இங்கேயிருந்து கேஸ் அலாரம் வாங்கிப்போவதைப் பார்க்கிறேன், நல்ல விஷயம். அதற்குள் இருப்பது பெரும்பாலும் மூன்றாவது ரகம். ஜப்பானில் நவோயோஷி தாகுச்சி 1962-ல் கண்டுபிடித்த டின் ஆக்சைடு சென்சார், மலிவு, நீண்ட நாள் உழைக்கும். வாங்கும்போது எந்த வாயுவுக்கு என்று பாருங்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனம், தரையில் தண்ணீர் மாதிரி ஓடும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, கூரைக்குப் போகும். என் மனைவியின் சொந்தங்கள் இருக்கும் மூணாறு, மறையூர்ப் பக்கம் குளிருக்கு ஜன்னலை அடைத்துத்தான் வைத்திருப்பார்கள், அங்கே எல்லாம் சிலிண்டர்தான். அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு அடிக்குள் மாட்ட வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினால், அது கத்துவதற்குள் இடுப்புவரை வாயு நிற்கும். பாலக்காடு பக்கம் குழாய் இணைப்பு வீட்டுக்கு வந்தால் கணக்கு தலைகீழ், கூரையிலிருந்து ஒரு அடிக்குள், அதுவும் மீத்தேனுக்கானது என்று எழுதியிருந்தால் மட்டும். கத்தினால் சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், வாயுவை மூடிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து ஃபோன் பண்ணுங்கள்.

சிகரெட் லைட்டரை அழுத்தி அதன் மூக்கில் வாயு அடித்துச் சோதிக்கிறவர்கள் உண்டு. அவ்வளவு செறிவான வாயு சென்சாரைக் கெடுத்துவிடும், வேண்டாம். பெட்டியின் பின்பக்கத்தில் மாத்திரை அட்டை மாதிரி காலாவதித் தேதி அச்சடித்திருக்கும். ஐந்து வருஷம் முன்னால் நீங்கள் வாங்கிக் கொடுத்தது இன்னும் பச்சை விளக்கோடு சுவரில் இருந்தால், அடுத்த தடவை ஊருக்குப் பேசும்போது அதைத் திருப்பிப் பார்த்துத் தேதியைப் படிக்கச் சொல்லுங்கள்.